பென்சிலோடு போருக்குப் போனவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டுப் போர்ப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். வரிசை ஒன்றும் பார்க்க வேண்டாம், எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம்.

போர் ஓவியர் என்றால் யார்? சண்டை போட்ட சிப்பாயா, சும்மா படம் வரைகிற ஆளா?

மூன்று விதமான ஆட்களை இந்த ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. முதல் வகை, பத்திரிகையோ அச்சுப்பட வியாபாரியோ அனுப்பி, படையோடு கூடாரத்தில் தங்கி வரைந்தவர்கள். இவர்களை அன்றைக்கு 'ஸ்பெஷல் ஆர்ட்டிஸ்ட்' என்றார்கள். இரண்டாவது, லண்டனிலோ பாரிஸிலோ கூடத்தில் உட்கார்ந்து, பத்து இருபது வருடம் கழித்துப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டியவர்கள். நாம் பாடப்புத்தகத்தில் பார்ப்பதில் பெரும்பாலானவை இவர்களுடையவை, இவர்களில் பலர் ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. மூன்றாவது, படையிலேயே இருந்துகொண்டு வரைந்த அதிகாரிகளும் சிப்பாய்களும். நெப்போலியன் படையில் இருந்த லெஜூன் அப்படிப்பட்டவர், தான் இருந்த சண்டைகளையே பிறகு ஓவியமாக்கினார்.

ஒரு படத்தைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வரைந்தவர் அன்றைக்கு எங்கே இருந்தார்? அடுத்தது, காசு கொடுத்தது யார்?

இது ஒரு தொழிலாக எப்போது ஆனது?

1842இல் லண்டனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வாரப் பத்திரிகை தொடங்கியது. படத்தை நம்பியே விற்ற செய்திப் பத்திரிகை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கிரிமியப் போர் வந்தது: ரஷ்யா ஒரு பக்கம், பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி மறுபக்கம். படையின் அலங்கோலத்தை வில்லியம் ஹோவர்ட் ரஸல் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுத, ஊரில் இருந்தவர்களுக்கு அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற துடிப்பு. அதன் பிறகு எந்தப் போர் என்றாலும் நிருபரோடு ஓர் ஓவியரும் மூட்டை கட்டிவிடுவார். 1869 கடைசியில் 'கிராஃபிக்' என்ற போட்டிப் பத்திரிகையும் வந்துவிட, சந்தை இன்னும் சூடானது.

கிரிமியா என்றாலே வில்லியம் சிம்ப்சன் பெயர் வருகிறதே, அவரிடம் அப்படி என்ன?

கிளாஸ்கோவில் 1823இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கல்லச்சுக் கூடத்தில் (கல்லின்மேல் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறை, லித்தோகிராஃபி) தொழில் கற்றவர். கோல்நாகி என்ற லண்டன் அச்சுப்பட நிறுவனம் அவரைக் கிரிமியாவுக்கு அனுப்பியது. அங்கே அவர் வரைந்த நீர்வண்ணப் படங்களை வைத்து 81 கல்லச்சுப் படங்கள் கொண்ட தொகுப்பு வெளிவந்தது, சாகும்வரை 'கிரிமியன் சிம்ப்சன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் எல்லோரும் தேடுகிற பாலக்லாவா குதிரைப்படைப் பாய்ச்சலை அவர் பார்க்கவே இல்லை. அது நடந்தது 1854 அக்டோபர் 25. கட்டளை குழம்பிப்போய் ஏறக்குறைய 670 பேர் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராகப் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து, நூற்றுக்கும் மேல் செத்த சண்டை. சிம்ப்சன் வந்து சேர்ந்தது நவம்பர் நடுவில், பாலக்லாவா துறைமுகத்தின் கப்பல்களைச் சிதறடித்த பெரும் புயல் அடித்து ஓய்ந்த கையோடு. ஆகவே இடத்தைப் போய்ப் பார்த்தார், தப்பி வந்தவர்களை விசாரித்தார், அதை வைத்து வரைந்தார். வரைந்ததைப் படைக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் பிரபுவிடம் எடுத்துப்போனார். (பிரபு கூடாரத்தில் இல்லை, துறைமுகத்தில் நின்ற தன் சொந்தப் படகில்தான் தங்கியிருந்தார்.) பார்த்துவிட்டு, எல்லாம் தப்பு என்றார் பிரபு. இவர் போய்த் திருத்தி எடுத்துவந்தார், மறுபடி அதே பதில். மூன்றாம் முறை கொண்டுபோனபோது பிரபுவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி, பாராட்டித் தள்ளிவிட்டார். அப்படி என்ன மாற்றினார்? படைக்கு முன்னால் பிரபு பளிச்சென்று தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். இதைப் பிறகு சிம்ப்சனே தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அச்சில் வந்த படத்தின் தலைப்பிலும் கார்டிகன் பிரபுவின் பெயர் ஏறியிருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னதும் 'அப்போ அவர் படமெல்லாம் பொய்யா' என்று கேட்பார்கள். அதுவும் சரியில்லை. அதே தொகுப்பில், பாலக்லாவாவுக்குப் பக்கத்துக் கிராமமான காடிகோய் பாதைச் சேற்றில் வண்டிகள் புதைந்து நிற்பதும், நோயாளிகளைப் படகில் ஏற்றி அனுப்புவதும் இருக்கின்றன. ராணுவ நிர்வாகத்துக்குப் பெருமை சேர்க்கிற காட்சிகள் இல்லை அவை. பிரபு கண்ணில் படாத மூலைகளில் சிம்ப்சன் பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

போர்க்களத்தில் வரைந்த கிறுக்கல் எப்படிப் பத்திரிகைப் படமாக மாறியது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

களத்தில் ஓவியர் போடுவது பெரும்பாலும் அவசரக் கோடுகள்தான். ஒரு குதிரையை ஒழுங்காக வரைந்துவிட்டு மீதி இருபதை வெறும் வளைவுகளாக விட்டுவிடுவார், ஓரத்தில் குறிப்பு எழுதுவார்: இங்கே புகை, இது இன்ன ரெஜிமெண்ட், பின்னால் தெரிவது எரிகிற மரங்கள் என்கிற மாதிரி. அந்தத் தாள் கப்பல் ஏறி ஊர் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும், இந்தியாவிலிருந்து என்றால் ஒரு மாதம் தாண்டிவிடும்.

பத்திரிகை அலுவலகத்தில் இன்னொரு ஓவியர் காத்திருப்பார். அந்த ஊரையோ அந்தப் படையையோ கண்ணால் கண்டிராதவர். அவர்தான் குறிப்புகளைப் படித்து, கிறுக்கலை முழுப் படமாக ஆக்கி, மரக்கட்டைமேல் இடவலம் மாற்றி வரைவார். கட்டை, பாக்ஸ்வுட் என்ற மரத்தின் குறுக்குவெட்டு. இழை நெருக்கமான மரம், நுணுக்கமாகச் செதுக்கலாம், ஆனால் அடிமரம் பருமனாக வளராது. அதனால் பெரிய படம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு முறுக்கி ஒரே பலகையாக்குவார்கள். வரைந்து முடித்ததும் போல்ட்டைக் கழற்றி, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்குபவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் கையில் வானம், ஒருவர் கையில் குதிரைக் கால், இன்னொருவர் கையில் பாதி முகம். கோடுகள் பிசகாமல் பொருந்தவேண்டும் என்பதற்காகத் தலைமைச் செதுக்குநர் இணைப்பு விளிம்புகளில் மட்டும் முன்கூட்டியே செதுக்கி வைத்திருப்பார். ராத்திரியெல்லாம் வேலை நடந்து, விடியும்போது துண்டுகள் மறுபடி ஒன்றாகச் சேரும்.

அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாள் அசல் எப்போதாவது கையில் கிடைத்தால், பெரிய படங்களின் குறுக்கே மயிரிழை மாதிரி நேரான வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு கட்டைகள் சரியாகக் கூடாத இடம் அது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் படத்தைவிட்டு அந்தக் கோட்டைத்தான் கண் தேடும்.

ஆக, நாம் பார்க்கிற படத்தில் குறைந்தது மூன்று நான்கு கைகள் இருக்கின்றன. சிப்பாய்கள் எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை இருந்தால் களத்துக்குப் போன ஓவியரைத் திட்டாதீர்கள்.

அசல் கிறுக்கல்கள் இன்றைக்குப் பார்க்கக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆல்ஃப்ரெட் வாட் என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'க்காக வரைந்தவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டில் நடந்த சண்டைப் படத்திலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கிச் சூட்டில் காடு தீப்பிடித்து, நகர முடியாத காயக்காரர்கள் கிடந்த இடத்திலேயே எரிந்துபோன சண்டை அது. பழுப்புத் தாளில் பென்சில், அதன்மேல் கொஞ்சம் வெள்ளை வண்ணம். துப்பாக்கிகளுக்கு நடுவே போர்வையைக் கட்டித் தூளி மாதிரி ஆக்கி, அதில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முகங்களில் விவரம் அதிகமில்லை, தேவைப்படவும் இல்லை.

பெரிய கேன்வாஸ்களைவிட இந்தக் கிறுக்கல்கள்மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம். இது என் ரசனை, விவாதத்துக்கு உரியதுதான்.

அப்போதே கேமரா வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஓவியர்?

வந்துவிட்டது, ஆனால் ஓடுகிற குதிரையைப் பிடிக்க அதற்குத் தெம்பு இல்லை. ரோஜர் ஃபென்டன் 1855இல் ஒயின் வியாபாரியின் பழைய வண்டி ஒன்றை இருட்டறையாக மாற்றிக் கிரிமியாவுக்குக் கொண்டுபோனார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும், சில விநாடியாவது எதிரில் இருப்பவர் அசையக்கூடாது. 350க்கும் மேல் படம் எடுத்தார், சண்டை ஒன்றில்கூட இல்லை. அதைவிட முக்கியம், எடுத்ததை அப்படியே பத்திரிகையில் அச்சிட வழியில்லை, புகைப்படத்தையும் மரக்கட்டையில் செதுக்கித்தான் போடவேண்டும். நூற்றாண்டின் கடைசி இருபது வருடத்தில், புகைப்படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக்கி அச்சிடும் புள்ளி அச்சு வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

கேமரா பொய் சொல்லாது என்பவர்களுக்கு ஒரு தகவல். பீரங்கிக் குண்டுகள் சிதறிக்கிடக்கும் பள்ளத்தாக்குப் படம் ஃபென்டனின் புகழ்பெற்ற படம். அதே இடத்தில் அவர் எடுத்த இன்னொன்றில் சாலை வெறுமையாக இருக்கிறது, குண்டுகள் ஓரப் பள்ளத்தில் மட்டும். வெறும் சாலைப் படம்தான் முதலில் எடுக்கப்பட்டது என்பது இன்று பலரும் ஏற்கும் முடிவு. நடுவில் குண்டுகள் தானாக உருண்டு ஏறியிருக்காது இல்லையா?

செத்தவர்களை, தோற்றவர்களை யாருமே வரையவில்லையா?

வரைந்தார்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஸ்பெயினில் கோயா, நெப்போலியன் படையெடுப்பின் கொடூரங்களை 80க்கும் மேற்பட்ட செம்புத் தகடுகளில் செதுக்கினார். ஒன்றின் கீழே 'இதை நான் பார்த்தேன்' என்று மட்டும் எழுதினார். அவர் செத்தது 1828இல், தொகுப்பு வெளியானது 1863இல்.

ரஷ்யாவின் வெரேஷ்சாகின் இன்னும் சுவாரசியமான ஆள். 1868இல் சமர்கண்ட் கோட்டையில் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டு வீரப்பதக்கம் வாங்கியவர், ஆகவே கோழை என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 1871இல் மண்டை ஓடுகளைக் கோபுரமாகக் குவித்து, மேலே காக்கைகள் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் வரைந்து, இருந்த, இருக்கிற, இனி வரப்போகிற மாபெரும் வெற்றி வீரர்கள் அனைவருக்கும் சமர்ப்பணம் என்று சட்டத்தில் பொறித்தார். 1874இல் பீட்டர்ஸ்பர்க் கண்காட்சியில், அந்த மத்திய ஆசியப் போர்களை நடத்திய தளபதி காஃப்மன், ரஷ்யச் சிப்பாயைக் களத்தில் கைவிட்டதாகக் காட்டியது அவதூறு என்று எகிறினார். வெரேஷ்சாகின் தன் படங்களில் மூன்றைத் தானே எரித்துவிட்டார்.

அவருடைய படங்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது ஷிப்கா கணவாயைப் பற்றியது. 1877-78 ரஷ்ய-துருக்கிப் போரின் குளிர்காலம். தலைமையகத்துக்குப் போன தகவல், 'ஷிப்காவில் எல்லாம் அமைதி' என்பது. அதையே தலைப்பாக வைத்து மூன்று படம். முதலில் காவல்காரன் பனியில் நிற்கிறான். அடுத்ததில் பனி முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது, குனிந்துவிட்டான். மூன்றாவதில் ஒரு பனிமேடு, கொஞ்சம் மேல்கோட்டுத் துணி. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

பெண்கள் யாரும் இந்தத் துறையில் இல்லையா?

எலிசபெத் தாம்சன், கல்யாணத்துக்குப் பிறகு லேடி பட்லர். 1874இல் லண்டன் ராயல் அகாடமியில் அவர் வைத்த 'ரோல் கால்' படத்துக்குக் கூடிய கூட்டத்தைச் சமாளிக்கப் பக்கத்தில் போலீஸ்காரர் நிற்க வேண்டியிருந்தது. கிரிமியப் பனியில், சண்டை முடிந்து, எஞ்சிய காவற்படையினருக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் காட்சி. வரிசையில் நிற்கிறவர்களின் களைப்புதான் படமே, தளபதி வீரவாள் ஒன்றும் கிடையாது. விக்டோரியா ராணி அதைத் தனக்கே வாங்கிக்கொண்டார்.

அவர் சண்டையைப் பார்த்ததில்லை, ஆனால் சும்மா கற்பனையில் ஓட்டவும் இல்லை. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முந்தைய குவாத்ர் பிரா சண்டையைத் தீட்டுவதற்காக 300 ராணுவப் பொறியாளர்களைச் சதுர வியூகத்தில் நிறுத்திச் சுடச் சொல்லிப் பார்த்தார். கம்பங்கொல்லை மாதிரி உயரமாக வளரும் ரை பயிர் மிதிபட்டால் எப்படிச் சாயும் என்று தெரிய வேண்டி, வயலை விலை பேசிப் பிள்ளைகளை விட்டு மிதிக்க வைத்தார். 1879இல் அகாடமி உறுப்பினர் தேர்தலில் இரண்டே ஓட்டில் தோற்றார். முழு உறுப்பினராக ஒரு பெண்ணை அகாடமி தேர்ந்தெடுக்க 1936 வரை ஆனது.

உயிருக்கு ஆபத்து இருந்ததா?

நிறையவே. பிரிட்டிஷ் ஓவியர் ஃபிராங்க் விஸெட்டெலி 1883இல் சூடானில், ஹிக்ஸ் பாஷா என்ற பிரிட்டிஷ் அதிகாரி நடத்திய எகிப்தியப் படையோடு போனார், படை அழிந்தது, அவர் திரும்பவில்லை. மேலே சொன்ன வெரேஷ்சாகின் 1904இல் ரஷ்ய-ஜப்பானியப் போரில் ஆர்தர் துறைமுகத்துக்கு (போர்ட் ஆர்தர்) அருகே கண்ணிவெடியில் சிக்கிய போர்க்கப்பலோடு மூழ்கினார். அர்ஜெண்டினாவின் கான்டிடோ லோபெஸ் 1866இல் பராகுவே போரில் வலக்கையை இழந்தார். இடக்கையால் வரையப் பழகி, குருபைத்தி முதலான சண்டைகளை நீள நீளமான கேன்வாஸ்களில் எறும்பளவு மனிதர்களாகத் தீட்டினார். கொஞ்சம் சிரிக்கவும் ஒன்று: 1898இல் சூடானில் நடந்த ஒம்துர்மான் சண்டைக்கு ஃபிரெடெரிக் வில்லியர்ஸ் சினிமா கேமராவைப் பீரங்கிப் படகில் கொண்டுபோய் வைத்தார். படகின் பீரங்கி வெடித்த அதிர்ச்சியில் கேமரா கவிழ்ந்தது. பழையபடி பென்சில்தான்.

1857 கிளர்ச்சிப் படங்களை எந்த அளவு நம்பலாம்?

மிக ஜாக்கிரதையாக. ஒரே ஓர் உதாரணம் போதும். ஜோசப் நோயல் பேட்டன் 1858இல் ஒரு படம் வைத்தார்: வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் பதுங்கியிருக்க, பின்னால் கதவு வழியே சிப்பாய்கள் நுழைகிறார்கள். பார்த்தவர்கள் தாங்கமாட்டாமல் கூச்சல் போட்டார்கள். ஓவியர் என்ன செய்தார்? சிப்பாய்களை அழித்துவிட்டு, அதே கதவில் காப்பாற்ற வரும் ஸ்காட்லாந்துப் படைவீரர்களைத் தீட்டிவிட்டார். படுகொலைப் படம் மீட்புப் படமாகிவிட்டது, மற்றபடி அதே பெண்கள், அதே பயம்.

சிம்ப்சனும் 1859இல் இந்தியாவுக்கு வந்தார், கிளர்ச்சி நடந்த இடங்களை வரைய. மூன்று வருடம் சுற்றினார். திரும்பிப் போன பிறகு அனுப்பிய அச்சு நிறுவனம் நொடித்துப்போய், திட்டமிட்ட பெரிய தொகுப்பு வெறும் 50 படங்களோடு 1867இல் வந்தது.

பிடிபட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதை 1880களில் பெரிய படமாகத் தீட்டியது, சொன்னால் ஆச்சரியப்படமாட்டீர்கள், வெரேஷ்சாகின்தான். சிப்பாய்களுக்கு அவர் போட்ட சீருடை 1857க்கு உரியதல்ல, பிந்தைய காலத்தது. 1872இல் பஞ்சாபில் நாம்தாரி சீக்கியர்களை இப்படிக் கொன்றதோடு சேர்த்து அதைப் பார்ப்பவர்களும் உண்டு. படம் இப்போது எங்கே என்றே தெரியாது, பழைய பிரதிகள்தான் மிச்சம்.

ஆசியாவில் வேறு யாரும்?

ஜப்பான். 1894-95 சீனப் போரின்போது மூன்று தாள் சேர்ந்த வண்ண மர அச்சுகள் செய்திப் படம் மாதிரி சுடச்சுட விற்றன. கோபயாஷி கியோசிகாவின் இரவுக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள், வெளிச்சத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பதற்காகவாவது. எதிரியைக் காட்டும் விதம் சகிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் ஜெயித்தவர்கள் வரைந்த படம் எதுவும் இல்லையா?

ஒன்று உண்டு, கொஞ்சம் முந்தையது, ஆனால் அதன் கதை 19ஆம் நூற்றாண்டுக்குள் நீள்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கே நொறுக்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் வெளிச்சுவரில் அது பெரிய ஓவியமாக இருக்கிறது.

அன்று சிறைபிடிக்கப்பட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற இளம் அதிகாரியும் ஒருவர், மூன்றரை வருடத்துக்கும் மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு கிடந்தார். 1799இல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்கு அவர்தான் தலைமை. அடுத்த ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர், இந்தியாவையே பார்க்காதவர், அந்தத் தாக்குதலை 120 அடி நீளத்துக்குத் தீட்டி லண்டனில் கட்டணக் காட்சியாக வைத்தார். 1839இல் டேவிட் வில்கி, பேர்டின் விதவை கேட்டுக்கொண்டபடி, திப்புவின் உடலை அவர் கண்டெடுக்கும் காட்சியைத் தீட்டினார். பேர்டின் காலடியில் ஒரு கம்பிக் கதவு தெரியும், அவர் அடைபட்டிருந்த நிலவறைக்கான சாடை. வில்கியும் இந்தியா வந்ததில்லை.

புள்ளலூர்ச் சுவர் என்ன ஆனது என்பீர்கள். 1799க்குப் பிறகு அந்த மாளிகையில் குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், தங்கள் படை தோற்ற அந்த ஓவியத்தை அழிக்காமல் சீர்செய்ய வைத்தார். அது மறுபடி மங்கியபோது 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி திரும்பத் தீட்டச் சொன்னார். ஆகவே இன்று நாம் பார்ப்பது பல கை பட்ட ஓவியம். வெடிமருந்து வண்டி தீப்பிடித்து வெடிக்கிறது, செஞ்சட்டைக்காரர்கள் சதுரமாக நெருக்கியடித்து நிற்கிறார்கள், குதிரைகள் நாலாபுறமும் சூழ்கின்றன. நடுவில், நாம் மூக்கின்மேல் விரல் வைப்பதுபோல, பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் கர்னல் பெய்லி வாயில் விரலை வைத்துக்கொண்டிருக்கிறார்.